விடால் சோதனை

விடால் சோதனை (வைடால் சோதனை எனவும் வழங்கப்படும்) என்பது டைபாய்டு காய்ச்சலைக் கண்டறியப் பயன்படும் குருதிச் சோதனை ஆகும். பிரெஞ்சு மருத்துவர் பெர்னான் விடால் 1896 ஆம் ஆண்டு இதனை அறிமுகப்படுத்தினார். எளிமையும் குறைந்த செலவும் காரணமாக இந்தியா உட்படப் பல நாடுகளில் இது பரவலாகச் செய்யப்படுகிறது. எனினும், இதன் முடிவை மட்டும் கொண்டு நோயை உறுதிசெய்ய இயலாது.

செயற்பாடு

டைபாய்டு, சால்மோனெல்லா டைஃபி என்னும் பாக்டீரியாவினால் உண்டாகிறது. இதனை எதிர்த்து உடல் பிறபொருளெதிரிகளை உருவாக்குகிறது. நோயாளியின் குருதியிலிருந்து பிரித்த சீரத்தைப் படிப்படியாக நீர்த்து, கொல்லப்பட்ட பாக்டீரியாக்களுடன் கலப்பர். சீரத்தில் உரிய பிறபொருளெதிரிகள் இருப்பின் பாக்டீரியாக்கள் ஒன்றுடனொன்று ஒட்டித் திரளும். திரட்சி தென்படும் இறுதி நீர்ப்பளவு 1:80, 1:160 என்பதுபோல் குறிக்கப்படும்.

பிழையான முடிவுகள்

இச்சோதனை காண்பது கிருமியை அன்று. கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கியதையே. ஆகவே இருவகைப் பிழைகள் நேர்கின்றன.

* பொய் நேர்மறை: முன்னர் வந்துபோன டைபாய்டு, தடுப்பூசி, பிற சால்மோனெல்லா தொற்றுகள், மலேரியா போன்றவற்றாலும் திரட்சி ஏற்படலாம்.
* பொய் எதிர்மறை: நோயின் முதல் வாரத்தில் பிறபொருளெதிரிகள் போதிய அளவு உருவாகியிரா.

டைபாய்டு மிகுந்த பகுதிகளில் நலமாக உள்ளோரிடமும் ஓரளவு திரட்சி காணப்படும். எனவே நேர்மறை எனக் கொள்ளும் அளவு இடத்துக்கு இடம் வேறுபடும்.

எடுத்துக்காட்டு

நோயுள்ளோரில் 80%, நோயற்றோரில் 80% பேரைச் சரியாக இனங்காணும் ஒரு சோதனையைக் கருதுவோம். காய்ச்சலுற்ற 1000 பேரில் 50 பேருக்கே டைபாய்டு எனில், அவர்களுள் 40 பேருக்கு நேர்மறை வரும். எஞ்சிய 950 பேரில் 190 பேருக்கும் நேர்மறை வரும். அதாவது, நேர்மறை பெற்ற 230 பேரில் உண்மையில் நோயுள்ளோர் ஏறத்தாழ 17% மட்டுமே. சோதனை மாறாவிடினும், நோய் அரிதாகுமிடத்து நேர்மறை முடிவின் மதிப்புக் குறைகிறது.

உறுதிசெய்யும் முறைகள்

குருதியிலிருந்து கிருமியை வளர்த்துக் காணும் குருதி வளர்ப்புச் சோதனை கூடுதல் நம்பகமானது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தொடங்குமுன் குருதி எடுத்தல் நன்று. இதற்குச் சில நாட்கள் தேவை. இதுவும் நோயாளிகளுள் ஏறத்தாழ 60% பேரையே இனங்காணும். எலும்பு மச்சை வளர்ப்பு இதனினும் திறன் மிக்கது, ஆயினும் வலி தருவது. ஏறத்தாழ பத்து நாட்கள் இடைவெளியில் இருமுறை விடால் சோதனை செய்து, அளவு நான்கு மடங்கு உயர்ந்துள்ளதா எனப் பார்ப்பதும் உண்டு.

விளைவுகள்

பொய் நேர்மறையால் டெங்கு, மலேரியா, எலிக்காய்ச்சல் முதலிய உண்மை நோய்கள் கவனிக்கப்படாது போகலாம். தேவையற்ற நுண்ணுயிர்க்கொல்லிப் பயன்பாடு, மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகவும் வழிவகுக்கிறது. பொய் எதிர்மறையோ உரிய சிகிச்சையைத் தாமதப்படுத்தும். எனவே நோய்க்குறிகளையும் பிற சோதனைகளையும் சேர்த்தே இதன் முடிவை மதிப்பிட வேண்டும்.