காலை ஏழு மணிக்கு முந்திய வேலை

மலேசியாவின் ஜொகூர் ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் வீட்டில் பழைய ஆல்பம் ஒன்றாவது இருக்கும். லாபிஸ், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங் என ரயில் பாதையை ஒட்டிய ஊர்களில் நான் புரட்டிப் பார்த்தவற்றில் பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை. தீபாவளிக்கு ஒரே துணியில் தைத்த சட்டையோடு அண்ணன் தம்பிகள், தீமிதித் திருவிழாவில் அப்பாவின் தோளில் ஒரு குழந்தை, தமிழ்ப்பள்ளி வாசலில் தலைமையாசிரியரைச் சுற்றி ஆறாம் வகுப்பு. மரத்தில் காய்ந்த ரப்பர்ப் பாலான ஒட்டுப்பாலைச் சேர்த்த சாக்கோடு நிற்கும் பிள்ளையை மட்டும் நான் எந்த ஆல்பத்திலும் பார்க்கவில்லை.

அந்தப் பிள்ளை வேலை செய்த நேரம் அப்படி. வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டோடு வெட்டத் தொடங்குவார்கள். அம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் நுழையும்போது பிள்ளை ஒரு மரம் முன்னால் போகும். முந்தின நாள் வெட்டுக் கோட்டில் நூலாகக் காய்ந்திருக்கும் பாலை உரிக்க வேண்டும். பால் வடியும் மங்கில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலைத் தோண்டிச் சாக்கில் போட்டு, மங்கைத் துடைத்து நிமிர்த்தி வைக்க வேண்டும். அப்புறம்தான் அம்மாவின் கத்தி அந்த மரத்துக்கு வரும். ஒருவருக்கு ஐந்நூறு மரம் வரை இருக்கும். கொசுவும் அட்டையும் தவறாது. வெளிச்சம் வந்ததும் பிள்ளை லயத்து வீட்டுக்கு ஓடிக் குளித்துப் பள்ளிக்குப் போகும். ஒட்டுப்பால் நாற்றம் சோப்புக்கு அடங்காது, சட்டையில் பட்ட பால் கறுத்துக் கறையாகிவிடும்.

அப்போதெல்லாம் நவம்பர், டிசம்பர் நீண்ட பள்ளி விடுமுறை ஜொகூரில் மழைக்காலத்தோடு வந்து சேரும். மரம் நனைந்திருந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. வெட்டி முடித்த பிறகு மேகம் இறங்கினால் இன்னும் மோசம். மங்கில் மழைத்தண்ணீர் கலப்பதற்குள் பாலை வாளியில் சேர்க்க வேண்டும். ஏழு வயதுக் கையும் அப்போது கணக்கில் வரும். மழை நின்ற பிறகும் பிள்ளைகளுக்கு வேலை உண்டு. கால்வாயில் மீன் பிடிப்பதும், மரவள்ளி பிடுங்குவதும், மாட்டுக்குப் புல் அறுப்பதும் அவர்கள் பொறுப்பு. சப்பான்காரன் காலத்தில், 1942-43இல், ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோய்விட்ட பல லயங்களில் பெண்களும் பிள்ளைகளும் நட்ட மரவள்ளிதான் சோறு.

படத்தில் இல்லாதது போலவே இந்த வேலை புத்தகத்திலும் இல்லை. தோட்டத்தின் வருகைப் பதிவான செக்ரோலில் அம்மாவின் பெயர் இருக்கும், அப்பாவின் பெயர் இருக்கும். பால் ஸ்டோர் தராசில் ஏறும் ஒட்டுப்பால் எல்லாம் அவர்கள் கணக்கில்தான் எழுதப்படும். கூடுதல் எடைக்குக் கூடுதல் காசு என்ற ஏற்பாடு இருந்ததால் பிள்ளையை நிர்வாகம் கூப்பிட வேண்டிய தேவையே இருக்கவில்லை. வீட்டில் அரிசி போதாததே பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பியது. லாபம் மட்டும் கம்பெனியின் கணக்கில் தவறாமல் சேர்ந்தது.

1966இல் நாட்டில் பிள்ளைகள், இளையோர் வேலைச் சட்டம் வந்தது. பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளையை இரவு எட்டு மணி முதல் காலை ஏழு மணி வரை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது அது. நிரையில் பிள்ளை நின்ற நேரமே அதுதான்! குடும்பம் நடத்தும் தொழிலில் பிள்ளை தன் சக்திக்கேற்ற இலகுவான வேலை செய்யலாம் என்றும் அதே சட்டம் இடம் கொடுத்தது. ரப்பர்த் தோட்டம் எந்தக் குடும்பத்தின் தொழில்? மரமும் கம்பெனியுடையது, மங்கும் கம்பெனியுடையது, குடியிருந்த லயமும் கம்பெனியுடையது. ஆனாலும் 'அம்மாவுக்கு உதவி' என்ற பெயரில் பிள்ளை செய்தது வேலை என்ற கணக்கிலேயே வராமல் போனது.

இப்படி வேலை செய்த பிள்ளைகளை அமெரிக்காவில் புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகப் படம் எடுத்தார். பைபிள் விற்பவர்போல ஆலைக்குள் நுழைந்து, தன் சட்டைப் பொத்தானை அளவாகக் கொண்டு பிள்ளையின் உயரத்தைக் கணித்து, கையைப் பைக்குள் விட்டபடியே குறிப்பெழுதுவார். பஞ்சாலைப் படங்களைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அவருடைய வயல் படங்கள்தான் முக்கியம். நியூ ஜெர்சியில் கிரான்பெரி பறித்த பிள்ளைகளும், கொலராடோவில் பீட்கிழங்கு பிடுங்கிய பிள்ளைகளும் குடும்பத்தோடு குடும்பமாக நிற்கிறார்கள். பெயர், வயது, வேலை எல்லாவற்றையும் ஹைன் எழுதி வைத்தார். அப்படியிருந்தும் 1938இல் வந்த கூட்டரசுச் சட்டம் ஆலைக்கும் சுரங்கத்துக்கும் கதவடைத்துவிட்டு, விவசாயத்துக்குப் பெரிய விலக்குக் கொடுத்தது. தாய் தந்தை பக்கத்தில் நின்றால் பிள்ளையின் உழைப்பு கண்ணில் படாது என்பது அங்கும் நடந்திருக்கிறது.

நம் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் பட்டணம் போய்விட்டார்கள். ஆனாலும் இந்நாட்டுச் செம்பனைத் தொழிலில் 33,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வேலை செய்வதாக 2018ஆம் ஆண்டு அரசு ஆய்வு சொன்னது. குலையிலிருந்து சிதறும் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் சேர்ப்பது பிள்ளைகளுக்கு விழும் வேலை. எடை ஏறுவது இப்போதும் பெரியவர்கள் கணக்கில்தான். இவர்களில் பலர், சபாவில் குறிப்பாக, வெளிநாட்டுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். பிறப்புப் பத்திரம்கூட இல்லாதவர்கள் உண்டு. அந்தப் பிள்ளையின் முகத்தையும் பெயரையும் போட்டு வெளியிட்டால், முதலில் பிடிபடுவது அதன் தகப்பன்தான். எனவே இன்று காமிரா தூக்கும் இளைஞர்களிடம் நான் கேட்பது இது: முகத்தை விடுங்கள். கையை எடுங்கள், சாக்கை எடுங்கள், தராசு முள்ளை எடுங்கள், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தப் பயம் இல்லை. அவர்கள் பெயர் எழுதப்பட வேண்டும். தீபாவளிச் சட்டைப் படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள்: எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எத்தனை வயதில் நிரைக்குப் போனார், யார் பெயரில் எடை போட்டார்கள், பள்ளிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தார். படமே இல்லாதவர்கள் கடிதமாக எழுதி அனுப்பலாம், இந்தப் பக்கத்தில் இடம் உண்டு. அடுத்த வாரம் பால் ஸ்டோர் தராசைப் பற்றிப் பார்ப்போம்.

(தொடரும்)