கொல்லைக் குளமும் பருவ மாறுதல்களும்

குடியானவர் தம் நிலத்தைப் பார்த்து வருவதைப் போலவே கொல்லையிலுள்ள குளத்தையும் நாள்தோறும் பார்த்து வருதல் வேண்டும். குளமென்பது மாடு குளிப்பாட்டுவதற்கும் துணி துவைப்பதற்கும் மட்டும் ஏற்பட்டதன்று. மழை எவ்வளவு பெய்தது, நிலத்தடியில் ஜலம் எந்த மட்டத்தில் நிற்கிறது, பயிரைத் தின்னும் பூச்சிகளுக்குச் சத்துருக்கள் எவ்வளவு உள்ளன என்ற மூன்று விஷயங்களையும் அது செலவில்லாமல் தெரிவிக்கும். பட்டணத்தில் மனை விலை ஏறியதும் முதலில் தூர்க்கப்படுவது இத்தகைய சிறு குளமே. கிராமங்களிலும் அவ்வழக்கம் பரவி வருகிறது. தூர்ப்பதற்கு முன், அதனால் இழப்பது இன்னதென்று கணக்கிட்டுப் பார்ப்பது நலம். அக்கணக்குக்குச் சென்னையின் தென்பாகம் தக்க உதாரணமாகும்.

மாம்பலம், மயிலாப்பூர், அடையாறு

நுங்கம்பாக்கத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே ஒரு காலத்தில் நீண்டதோர் ஏரி கிடந்தது. 1923-ஆம் ஆண்டு முதல் அவ்வேரி நிலத்தில் தியாகராய நகர் அமைக்கப்பட்டது. ஏரிக்கரையின் பெயர் நுங்கம்பாக்கத்தில் ஒரு தெருவுக்குப் பெயராக மட்டும் நின்றுவிட்டது. வீடுகள் அவசியமே, ஆனால் ஏரி போனாலும் பள்ளம் போவதில்லை. 2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த பெருமழையில் மாம்பலம் வட்டாரத்துத் தெருக்களில் ஜலம் தேங்கியது. அடையாறும் கரை புரண்டு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய இடங்களில் வீடுகளுக்குள் புகுந்தது. நான்கு ஆண்டுகளுக்குள், 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பட்டணத்துக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் நான்கும் அநேகமாய் வறண்டு போயின. வெள்ளமும் வறட்சியும் ஒரே ஊரில் அடுத்தடுத்து வந்ததற்கு, பெய்த மழையை நிறுத்தி வைக்க இடம் குறைந்து போனது ஒரு முக்கிய காரணமாகும்.

மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோவில் தெப்பக்குளமும் சித்திரைக்குளமும் இன்னும் உள்ளன. இத்தகைய குளங்களில் ஜலம் நிற்குங்கால் சுற்றுத் தெருக்களின் கிணறுகளிலும் ஊற்று ஏறுகிறது. வீட்டுக் கொல்லையிலுள்ள சிறு குட்டையும் தன் அளவுக்கு இதே வேலையைச் செய்கிறது.

அடையாற்றில் இதற்கு மாறான உதாரணம் ஒன்று உண்டு. ஆறு கடலோடு கலக்கும் இடத்தையொட்டிய உப்பங்கழியின் ஒரு பகுதி, கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டிக் கெட்டுப் போயிருந்தது. அங்கே 58 ஏக்கர் நிலத்தில் குப்பையை அகற்றி, நீர் நிற்கப் பள்ளங்கள் வெட்டி, அவ்விடத்துக்கு உரிய மரஞ்செடிகளை வைத்து, 2011-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் தொல்காப்பியப் பூங்கா என்ற பெயரால் திறந்தார்கள். நீரும் செடியும் வந்தபின் கொக்கு, நாரை, தவளை, தட்டான் முதலியவை யாரும் கொண்டுவந்து விடாமலே வந்து சேர்ந்தன. கெட்டுப்போன நீர்நிலையும் திருந்தக்கூடும் என்பதற்கு இதுவே சாட்சி.

மாதவாரியாகக் கவனிக்க வேண்டியவை

சென்னையில் ஆண்டொன்றுக்குச் சராசரி ஏறக்குறைய 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் சுமார் ஐந்தில் மூன்று பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களையொட்டிய வடகிழக்குப் பருவத்தில் வருவது. ஆகவே இப்பகுதியில் குளத்தின் ஆண்டு ஆடியில் தொடங்கி ஆனியில் முடிகிறதென்று கொள்ளலாம்.

ஆடி, ஆவணி மாதங்களில் மாலை நேரத்து இடிமழை தொடங்கும். முதல் நல்ல மழையின் இரவில் ஈசல் புறப்படும், தவளைகள் கத்தும். பெருந்தவளையின் ஆண் அச்சமயம் பளிச்சென்ற மஞ்சள் நிறங்கொண்டு, தொண்டையின் இருபக்கத்திலும் நீலப்பைகளை ஊதிக்கொண்டு கரையோரம் கூடும். மறுநாள் காலையில் ஜலத்தைப் பார்த்தால் முட்டைகள் தெரியும். நூல் கோத்தாற்போல நீண்டு கிடப்பது தேரையின் முட்டை. திரளாகக் கிடப்பது தவளையின் முட்டை. நீருக்கு மேலே செடியிலோ சுவரிலோ நுரை போல ஒட்டியிருப்பது மரத்தவளையின் கூடு. நுரையினின்று குஞ்சுகள் நேரே கீழேயுள்ள ஜலத்தில் விழும். ஆகையால் நுரையைக் கண்டு அழுக்கென்று துடைத்தல் கூடாது.

இதே காலத்தில் பொன்னிறத் தட்டான்கள் கூட்டங்கூட்டமாய்ப் பறக்கக் காணலாம். தட்டான் தாழப் பறந்தால் மழை என்பது குடியானவர்களின் நெடுநாளைய வழக்கு. இத்தட்டான் மழைநீர்த் தேக்கங்களில் முட்டையிட்டு, அதன் புழு சுமார் ஆறு வாரங்களில் வளர்ந்து சிறகு பெறும். இவ்வினம் பருவக்காற்றைத் துணையாகக் கொண்டு இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடலைக் கடந்து ஆப்பிரிக்கா வரை செல்வதாக 2009-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் ஒருவர் எழுதி வெளியிட்டார். கொல்லையில் பிறந்த பூச்சி சமுத்திரம் தாண்டுவது வியப்பாயிருப்பினும், பயிர்ச்செய்கைக்கு அதன் மதிப்பு வேறு: புழுப்பருவத்தில் கொசுப்புழுக்களையும், சிறகு வந்தபின் கொசுவையும் வயற்பூச்சிகளையும் அது தின்கிறது.

புரட்டாசி, ஐப்பசியில் வடக்கிலிருந்து பறவைகள் வரும். குளத்தின் விளிம்பில் வாலை ஆட்டிக்கொண்டு நடக்கும் வாலாட்டிக் குருவியும், சேற்றைக் குத்தும் உள்ளானும் இப்பருவத்து விருந்தாளிகள். அடையாறு, கிண்டி முதலிய மரமடர்ந்த தோட்டங்களில் ஆறுமணிக் குருவி ஐப்பசியில் வந்து இறங்கும். நெடுந்தூரம் பறந்த களைப்பால் அது சில வேளைகளில் தரையில் விழுந்து கிடப்பதுண்டு. நாய், பூனை அணுகாமல் நிழலில் வைத்திருந்தால் தானே தெளிந்து பறந்துவிடும். காய்ந்த இலைக்குவியலைக் கிளறி அதன் அடியிலுள்ள புழுக்களைத் தின்பது அதன் வழக்கம். ஆகையால் வேலியோரத்துச் சருகை முழுவதும் கொளுத்தாமல் ஓரளவு விட்டுவைத்தல் நன்று.

கார்த்திகை, மார்கழியில் குளம் நிறைந்து நிற்கும். வரத்துக்காலில் புது ஜலம் வருங்கால் பனையேறிக் கெண்டை ஈரத்தரையில் நகர்ந்து ஏறிவரும். கானாங்கோழி கோரைக்குள் நடமாடும். நீர்க்காகம் முழுகி மீன் பிடித்துச் சிறகை விரித்துக் காயவைக்கும். விரால், சிவந்த குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காத்துக்கொண்டு திரிவதைக் கண்டால் அதை அச்சமயம் பிடித்தல் கூடாது. ஒரு மீனைப் பிடிப்பதால் கூட்டம் முழுவதும் அழியும்.

தை முதல் பங்குனி வரை ஜலம் தெளிந்து இறங்கும். அல்லி பூக்கும். நீர் குறுகக் குறுக மீன் நெருங்குவதால் மீன்கொத்திக்கும் மடையானுக்கும் இது அறுவடைக் காலம். மண்ணிறத்தில் இருப்பதே தெரியாமல் கரையில் ஒடுங்கியிருக்கும் மடையான், முட்டையிடும் பருவம் வந்ததும் முதுகில் கருஞ்சிவப்பு நிறங்கொள்ளும்.

சித்திரை, வைகாசியில் குட்டை வற்றிச் சேறாகும், சிலவிடங்களில் வெடிக்கும். அப்போது குளம் செத்துவிட்டதென்று எண்ணுவது தவறு. நத்தை தன் வாயை மூடியால் அடைத்துக்கொண்டு மண்ணுக்குள் கிடக்கிறது. தவளையும் பால் ஆமையும் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கின்றன. தூர் வாருவதும் இக்காலத்தில்தானாகையால் இதை நினைவில் வைப்பது மிகவும் முக்கியம்.

தவளையும் பயிரும்

தவளை தின்பது வெட்டுக்கிளி, வண்டு, அந்துப்பூச்சி, சிறு நண்டு முதலியவற்றை. பெருந்தவளை சுண்டெலியைக்கூட விழுங்கும். இவையனைத்தும் நெற்பயிருக்குச் சேதம் விளைப்பவை. இத்தகைய துணைவனை நம் நாடு வெகுகாலம் விற்றுவந்தது. அயல்நாட்டார் உண்பதற்காகத் தவளைக் கால்கள் இந்தியாவிலிருந்து கப்பலேறின. 1980-களின் முற்பகுதியில் ஆண்டொன்றுக்கு 4,000 டன் அளவுக்குக்கூட ஏற்றுமதியாயிற்று. வயல்களில் தவளை குறைவதையும், அதனால் பூச்சி மருந்துச் செலவு ஏறுவதையும் பலர் எடுத்துக்காட்டிய பின்னர், 1987-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் அவ்வேற்றுமதியைத் தடை செய்தது.

தடை வந்தும் தவளைக்கு இரண்டு ஆபத்துகள் நீங்கவில்லை. ஒன்று, முட்டையிடக் குட்டை இல்லாமை. மற்றொன்று, மருந்து கலந்த ஜலம். தவளைக் குஞ்சுகள் நீரிலேயே வளர்வதாலும், தவளையின் தோல் நீரை உறிஞ்சுவதாலும், மருந்து சிறிது கலந்தாலும் அவை மடியும். மருந்து தெளிக்கும் கருவியைக் குளத்தில் அலம்புவது, பயிரைக் காக்கும் சேனையை நாமே கொல்வதாகும்.

கொசுவைப் பற்றிய அச்சம்

குளத்தைத் தூர்க்கிறவர்கள் பெரும்பாலும் சொல்லுங் காரணம் கொசு. இது பாதி உண்மையே. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு பெரும்பாலும் குளத்தில் முட்டையிடுவதில்லை. மூடாத தொட்டி, பூந்தொட்டித் தட்டு, தேங்காய்த் தொட்டி, பழைய வண்டிச் சக்கரத்து ரப்பர் முதலியவற்றில் நிற்கும் சிறிதளவு ஜலமே அதற்கு இடம். பட்டணங்களில் மலேரியாக் கொசுவும் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் பெருகுகிறது. கொசு முட்டையிலிருந்து சிறகு பெறச் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகவே இவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்து உலர்த்தினால் போதும். மீனும் தட்டான் புழுவும் நிறைந்த தெளிந்த குளத்தில் கொசுப்புழு நெடுநேரம் பிழைப்பதில்லை. சாக்கடை கலந்து, ஆகாயத்தாமரை மூடிய குளத்திலேதான் அது பெருகும். குற்றம் குளத்தினுடையதன்று.

கொசுவை ஒழிக்க 1928-ஆம் ஆண்டில் கம்பூசியா என்ற அயல்நாட்டுச் சிறுமீன் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அது கொசுப்புழுவோடு தவளை முட்டைகளையும் நாட்டு மீன்களின் குஞ்சுகளையும் தின்கிறது. ஆகையால் கொல்லைக் குளத்துக்கு உள்ளூர் வாய்க்காலில் கிடைக்கும் சிறு மீன்களே தக்கவை. ஆப்பிரிக்கக் கெளுத்தியை எக்காரணத்தாலும் விடலாகாது. அதை வளர்ப்பது தடை செய்யப்பட்டுள்ளது.

செய்ய வேண்டியவை

1. குளத்தின் ஒரு கரையாவது சரிவாயிருக்கட்டும். நாற்புறமும் செங்குத்தான சிமிட்டிச் சுவர் எழுப்பினால் தவளை ஏறமுடியாது, கொக்கு இறங்கமுடியாது.

2. தூர் வாருவதைச் சித்திரை, வைகாசியில் செய்க. வண்டலை நிலத்துக்கு எருவாக இடுக. மூலையில் ஒரு பாகத்துச் சேற்றைக் கிளறாமல் விட்டு, அதை அடுத்த ஆண்டு வாருக. வெட்டும்போது ஆமை அகப்பட்டால் அச்சேற்றிலேயே விட்டுவிடுக. அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது.

3. தண்ணீர்ப்பாம்புக்கு விஷமில்லை. அதைக் கொல்லற்க. ஆயினும் அடையாளம் தெரியாத பாம்பை நெருங்குதல் கூடாது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் குளத்துக்கு வேலியும் படலும் அவசியம்.

4. ஆகாயத்தாமரையைக் கண்டவுடன் பிடுங்கி எருக்குழியில் போடுக.

5. சென்டிமீட்டர் குறித்த கழியொன்றைக் குளத்தில் நட்டு, வாரந்தோறும் நீர்மட்டத்தைக் குறித்து வைக்க. கோடையில் நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டருக்குச் சிறிது மேலாக வெயிலால் ஆவியாகும். மட்டம் இரண்டு சென்டிமீட்டர் இறங்குமாயின், மீதி நிலத்தினுள் சென்றதாகும். அது நஷ்டமன்று, கிணற்றுக்குச் சேருவது.

6. அதே நோட்டில் முதல் தவளைச் சத்தம், முதல் தட்டான் கூட்டம், முதல் வாலாட்டி, அல்லிப்பூ, குளம் நிறைந்த நாள், வற்றிய நாள் ஆகியவற்றைத் தேதியுடன் எழுதுக. மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996 வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் எழுதிய கட்டுரைகளில் காட்டு யானையோடு தோட்டத்து அணிலும் காக்கையும் சமமாக இடம் பெற்றன. பொறுமையும் நோட்டும் இருந்தால் போதும். ஐந்து ஆண்டுக் குறிப்புச் சேருமாயின், நாற்றங்கால் விடுங்காலத்தைத் தீர்மானிக்க அது பெரிதும் உதவும்.

கிராம அதிகாரிகளுக்கு

பொதுப்பணித்துறை ஏரிகளை ஆக்கிரமிப்பினின்று காக்கத் தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டில் சட்டம் ஏற்பட்டது. ஊர்ப்பொதுவான குளம் குட்டைகளைக் காக்க வேண்டுமென்று 2001-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்துள்ளது. புறம்போக்குக் குட்டை எத்தனை, அவற்றின் வரத்துக்கால் அடைபட்டுள்ளதா என்று ஆண்டுக்கொருமுறை ஆனி மாதத்திற்குள் நேரில் பார்த்துக் குறித்தல் வேண்டும். குட்டை கணக்கில் இருந்து வரத்துக்கால் தரையில் இல்லாமற் போனால் பயனில்லை.

சொந்தக் கொல்லையிலுள்ள குளத்தைக் காப்பது உடையவர் கையிலேயே இருக்கிறது. தூர்த்த குளத்தை மீண்டும் வெட்டும் செலவு, உள்ள குளத்தை வாருஞ் செலவைக் காட்டிலும் பன்மடங்காகும். வருகிற ஆடிக்குள் கழி நட்டு நோட்டைத் தொடங்குகிறவர்கள், மார்கழிக்குள் தங்கள் குளத்தின் மதிப்பைத் தாங்களே அறிந்துகொள்வார்கள்.