ஊசி ஊரில் பிறந்த புல்லட்

பெற்ற நாடு கைவிட்டது! வந்த நாடு வளர்த்தது!

வண்டலூரில் இருந்து வாலாஜாபாத்துக்கு ஒரு ரோடு போகிறது. படப்பை, ஒரகடம் வழியாகப் போகும் ரோடு. ஒரு காலத்தில் அதன் இரு பக்கமும் ஏரியும் வயலும்தான். இன்று ஒரகடத்தை நெருங்கினால் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. கார் செய்கிறார்கள். லாரி செய்கிறார்கள். டயர் செய்கிறார்கள். வாலாஜாபாத்திலும் சுற்றுப்புற ஊர்களிலும் பொழுது விடிந்தால் கம்பெனி பஸ்களின் சத்தம்தான்.

இதே ஒரகடத்தில் ஒரு மோட்டார் சைக்கிளும் தயாராகிறது. அதன் பெயர் புல்லட்.

அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகளில் தயாராகும் வண்டிகள் எல்லாம் நேற்றுப் பிறந்த பிள்ளைகள். புல்லட்டுக்கோ வயது 90-ஐத் தாண்டிவிட்டது! அது பிறந்தது இங்கிலாந்தில். பிறந்த ஊரில் அதன் தொழிற்சாலையே இப்போது இல்லை. தத்து வந்த தமிழ்நாட்டில்தான் அது வாழ்கிறது.

இது எப்படி நடந்தது?

ஊசியும் துப்பாக்கியும்

இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர். தையல் ஊசிக்குப் பெயர் போன ஊர். அங்கே ஜார்ஜ் டவுன்செண்ட் என்பவர் 19-ம் நூற்றாண்டின் நடுவில் ஊசி செய்யும் தொழிலைத் தொடங்கினார். பிறகு அந்தக் கம்பெனி சைக்கிள் செய்தது. சைக்கிள் வியாபாரத்தில் நஷ்டம் வந்தது. கம்பெனி கை மாறியது.

புதிய முதலாளிகளுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. என்பீல்டு என்ற ஊரில் இங்கிலாந்து அரசாங்கத்தின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. அந்தத் துப்பாக்கிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் வேலை இவர்களுக்குக் கிடைத்தது. அந்தப் பெருமையில் தங்கள் சைக்கிளுக்கு "ராயல் என்பீல்டு" என்று பெயர் வைத்தார்கள். பீரங்கிப் படத்தை முத்திரையாகப் போட்டார்கள். "துப்பாக்கி போல் செய்தது" என்று விளம்பரம் செய்தார்கள்.

1901-ல் முதல் மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. 1932-ல் ஒரு புது வண்டிக்கு "புல்லட்" என்று பெயர் வைத்தார்கள். புல்லட் என்றால் துப்பாக்கிக் குண்டு. துப்பாக்கிக் கம்பெனிக்குக் குண்டு பிறந்தது!

2-வது உலகப் போர் வந்தது. ராயல் என்பீல்டு கம்பெனி ராணுவத்துக்கு வண்டி செய்தது. பாராசூட்டில் கட்டி விமானத்தில் இருந்து இறக்குவதற்கு என்றே ஒரு குட்டி மோட்டார் சைக்கிள் செய்தது. அதற்கு "பறக்கும் தெள்ளுப்பூச்சி" என்று பெயர்!

போர் முடிந்த பிறகு புல்லட் மறு பிறவி எடுத்தது. அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது. மேடு பள்ளத்தில் ஓட்டினால் முதுகெலும்பு நொறுங்கும். புது புல்லட்டின் பின் சக்கரத்துக்கு மேலும் கீழும் ஆடிக் கொடுக்கும் அமைப்பு வைத்தார்கள். "இது போட்டிக்கு உதவாது" என்று நினைத்தவர்கள் உண்டு. 1948-ல் இத்தாலியில் 6 நாள் நடந்த கடுமையான போட்டியில் புல்லட் ஓட்டிய இருவர் தங்கப் பதக்கத்தோடு திரும்பினார்கள். அதன் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

ராணுவம் கேட்டது

இந்தியாவுக்கு விடுதலை கிடைத்த நேரம் அது. எல்லை நீண்டது. ரோடு மோசம். எல்லையைச் சுற்றி வர உறுதியான மோட்டார் சைக்கிள் ராணுவத்துக்குத் தேவைப்பட்டது. சென்னையில் "மெட்ராஸ் மோட்டார்ஸ்" கம்பெனி ராயல் என்பீல்டு வண்டிகளை இறக்குமதி செய்து விற்று வந்தது. 1952-ல் அந்தக் கம்பெனிக்கு ராணுவத்திடம் இருந்து நூற்றுக்கணக்கான புல்லட்டுகளுக்கு ஆர்டர் வந்தது. 1953-ல் வண்டிகள் கப்பலில் வந்து இறங்கின. மலையிலும் மணலிலும் ஓடின. ராணுவத்துக்குப் பிடித்துவிட்டது.

ஆனால், எத்தனை நாளைக்குக் கப்பலை எதிர்பார்த்து நிற்பது? "வெளிநாட்டு வண்டியை இங்கே கொண்டு வந்து பூட்டி விற்றால் போதாது. உதிரி பாகங்களையும் இங்கேயே செய்ய வேண்டும்" என்பது அப்போது இந்திய அரசாங்கத்தின் கொள்கை. இதற்கு இசையாத அமெரிக்கக் கம்பெனிகளான போர்டும் ஜெனரல் மோட்டார்சும் மூட்டை கட்டின.

ரெட்டிச் கம்பெனி இசைந்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்சுடன் கூட்டுச் சேர்ந்து "என்பீல்டு இந்தியா" கம்பெனியைத் தொடங்கியது. சென்னைக்கு வடக்கே, கடலோரத்தில் உள்ள திருவொற்றியூரில் தொழிற்சாலை எழும்பியது. பட்டினத்தார் சமாதி உள்ள ஊரில் பட்டறைச் சத்தம் கேட்டது! முதலில் இங்கிலாந்தில் இருந்து பெட்டி பெட்டியாக பாகங்கள் வந்தன. இங்கே பூட்டினார்கள். 1956-ம் ஆண்டு முடிவதற்குள் பூட்டியவை 163 வண்டிகள்.

ஆண்டு முழுவதற்கும் 163 தான்!

அமெரிக்காவில் ஒரு கார்

குறைவாகத் தொடங்கினால் கேவலம் இல்லை. அதே காலத்தில் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள்.

அங்கே செவர்லே கம்பெனி 1953-ல் "கார்வெட்" என்ற பந்தயக் கார் பாணி வண்டியைக் கொண்டு வந்தது. முதல் ஆண்டில் செய்தது 300 கார்தான். எல்லாம் வெள்ளை நிறம். உள்ளே சிவப்பு மெத்தை. உடம்பு இரும்பால் ஆனதல்ல. கண்ணாடி நாரால் ஆனது. பார்த்தவர்கள் மயங்கினார்கள். ஓட்டியவர்கள் முகம் சுளித்தார்கள். பந்தயக் குதிரையின் உடம்புக்குள் வண்டி மாட்டின் இதயம்! 1954-ல் செய்த கார்களில் பல விற்காமல் தேங்கின. 1955-ல் 700 கார் செய்ததோடு நின்றது. "இந்தக் காரை நிறுத்திவிடலாமா?" என்ற பேச்சு கிளம்பியது.

அந்தச் சமயத்தில் போர்டு கம்பெனி போட்டிக்கு "தண்டர்பேர்டு" காரை இறக்கியது. செவர்லேவுக்கு ரோஷம் வந்தது. கார்வெட்டுக்கு 8 சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினார்கள். சோரா ஆர்கஸ் டன்டாவ் என்ற எஞ்சினீயர் அதற்கு வேகத்தை ஊட்டினார். கார் பிழைத்தது. இன்றும் தயாராகிறது.

கார்வெட்டைக் காப்பாற்றியது மாற்றம். புல்லட்டைக் காப்பாற்றியதோ மாறாத குணம்! அதுதான் வேடிக்கை.

தாய் வீடு பூட்டியது

1957-ல் புல்லட் செய்யும் அச்சுகளும் கருவிகளும் திருவொற்றியூர் கம்பெனிக்கு விற்கப்பட்டன. ஒவ்வொரு பாகமாக இங்கேயே செய்யப் பழகினார்கள். 1962-ல் புல்லட்டின் எல்லா பாகங்களும் இந்தியாவிலேயே தயாராயின.

அந்த நேரத்தில் இங்கிலாந்தில் என்ன நடந்தது தெரியுமா? அங்கே மக்கள் புதுப் புது வண்டி கேட்டார்கள். கம்பெனியும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தது. பழைய புல்லட்டைக் கைவிட்டது. பிறகு ஜப்பான் வண்டிகள் வந்து சந்தையைப் பிடித்தன. 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. வேறு ஊரில் கொஞ்ச காலம் வண்டி செய்தார்கள். 1970-ல் அதுவும் நின்றது.

தாய் வீட்டில் விளக்கு அணைந்தது. திருவொற்றியூரில் மட்டும் எரிந்தது!

1955-ல் எப்படி இருந்ததோ, கிட்டத்தட்ட அப்படியே புல்லட் இங்கே தயாரானது. ராணுவம் வாங்கியது. போலீஸ் வாங்கியது. 1977-ல் புல்லட் கப்பல் ஏறி எங்கே போயிற்று தெரியுமா? இங்கிலாந்துக்கு! பிறந்த வீட்டுக்கு மறுவீடு போன பெண்ணைப் போல அது திரும்பிப் போனது. தங்கள் இளமைக் காலத்து வண்டி புத்தம் புதிதாக வந்து நிற்பதைக் கண்டு வெள்ளைக்காரர்கள் வியந்தார்கள்.

உதைக்கத் தெரிய வேண்டும்

பழைய புல்லட்டை ஓட்டுவது ஒரு வித்தை. அதன் எஞ்சினில் ஒரே ஒரு பெரிய சிலிண்டர். அளவு 346 சி.சி. உள்ளே பிஸ்டன் நெடுந்தூரம் ஏறி இறங்கும். கனமான சக்கரம் ஒன்று உடன் சுழலும். அதனால்தான் "டுப்... டுப்..." என்ற நிதானமான சத்தம்.

சாவியைத் திருப்பியவுடன் புறப்பட்டுவிடாது. விளக்கின் மேலே ஒரு சின்ன மீட்டர் உண்டு. காலால் கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். மீட்டரின் முள் நடுவுக்கு வரும்போது நிறுத்த வேண்டும். இடது கையில் உள்ள சின்னப் பிடியை அழுத்தி, எஞ்சினுக்குள் இறுகிய காற்றை வெளியே விட வேண்டும். கிக்கரை இன்னும் கொஞ்சம் நகர்த்த வேண்டும். பிறகு பிடியை விட்டுவிட்டு, ஓங்கி ஓர் உதை!

முறை தப்பினால் கிக்கர் திருப்பி உதைக்கும். கணுக்கால் வீங்கும். அப்பா மகனுக்குக் கற்றுக் கொடுத்த வித்தை இது.

கியர் வலது காலில். பிரேக் இடது காலில். மற்ற வண்டி ஓட்டிப் பழகியவன் புல்லட்டில் ஏறினால் திண்டாடுவான். எஞ்சினில் எண்ணெய் கசியும். ஆனால், கழற்றுவதும் மாட்டுவதும் எளிது. ரோட்டோரப் பட்டறையில் நாலு ஸ்பேனர் இருந்தால் போதும். சின்ன ஊரிலும் புல்லட் மெக்கானிக் ஒருவர் இருந்தார். பல ஊர்களில் ஆளுக்குப் பெயரே "புல்லட்" என்று ஆகிவிட்டது!

அண்டை வீட்டில் நடந்தது

பழைய வண்டி எல்லாம் இப்படிப் பிழைத்துவிடவில்லை. வாலாஜாபாத் ரோடு தொடங்கும் வண்டலூர் பக்கத்திலேயே ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. "ஸ்டாண்டர்டு" கம்பெனி. அதுவும் இங்கிலாந்து உறவுதான். 1961-ல் "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" என்ற அழகான சின்னக் காரைக் கொண்டு வந்தது. டாக்டர்களும் வக்கீல்களும் அதை வாங்கி ஓட்டினார்கள். 1980-களில் "ஸ்டாண்டர்டு 2000" என்ற பெரிய காரைக் கொண்டு வந்தது. அது எடுபடவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கார் உற்பத்தியே நின்றது.

புல்லட்டுக்கும் அதே கதி வர இருந்தது. 1980-களின் நடுவில் ஜப்பான் கூட்டுறவோடு 100 சி.சி. மோட்டார் சைக்கிள்கள் வந்தன. இலேசான வண்டி. பெட்ரோல் செலவு மிகக் குறைவு. எண்ணெய் கசியாது. சம்பளக்காரர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். என்பீல்டு கம்பெனி டீசலில் ஓடும் புல்லட்டைக் கூடச் செய்து பார்த்தது. உழவர்கள் சிலர் வாங்கினார்கள். நஷ்டம் நிற்கவில்லை.

1994-ல் டிராக்டர் செய்யும் ஐசர் கம்பெனி இதை வாங்கியது. அப்போதும் விடியவில்லை. 2000-ல் மாதம் 6 ஆயிரம் வண்டி செய்ய வசதி இருந்தது. விற்றதோ சுமார் 2 ஆயிரம்தான். "மூடிவிடலாம், அல்லது விற்றுவிடலாம்" என்று நிர்வாகிகள் ஆலோசித்தார்கள்.

அப்போது, "எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்" என்று கேட்டவர் சித்தார்த்த லால். ஐசர் முதலாளியின் மகன். வயது 26. புல்லட் பைத்தியம்! அவகாசம் கிடைத்தது.

இதய மாற்று சிகிச்சை

அவர் முதலில் குறைகளைத் தேடினார். எண்ணெய்க் கசிவை நிறுத்த வேண்டும். பட்டன் அழுத்தினால் வண்டி கிளம்ப வேண்டும். கியர் மற்ற வண்டிகளைப் போல இடது காலுக்கு வர வேண்டும். பழைய வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்தார்கள். "கியரை மாற்றினால் அது புல்லட்டா?" என்று கேட்டார்கள். புதியவர்களோ, "மாற்றாவிட்டால் வாங்க மாட்டோம்" என்றார்கள். இரண்டு பேரையும் இழக்காமல் வண்டி செய்வது கத்தி மேல் நடப்பது போல.

புகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இறுகியது. 50 ஆண்டுக்கு மேல் உழைத்த வார்ப்பிரும்பு எஞ்சின் இனிமேல் உதவாது. அதை எடுத்துவிட்டு அலுமினிய எஞ்சினை வைத்தார்கள். எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் அடங்கின. ஆனால், ஒற்றைச் சிலிண்டரை மாற்றவில்லை. பழைய தோற்றத்தை மாற்றவில்லை. நிதானமான சத்தத்தையும் முடிந்த வரை காப்பாற்றினார்கள். 2009-ல் இந்தியாவில் "கிளாசிக்" என்ற புது வண்டி வந்தது. ஜனங்கள் பணம் கட்டிவிட்டு மாதக் கணக்கில் காத்திருந்தார்கள்!

கார்வெட்டுக்கு 1955-ல் நடந்த சிகிச்சை, புல்லட்டுக்கு அரை நூற்றாண்டு கழித்து நடந்தது.

ஒரகடம் வந்தது

திருவொற்றியூரில் இடம் போதவில்லை. 2013-ல் ஒரகடத்தில் புதிய தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2017-ல் பக்கத்தில் உள்ள வல்லம் வடகாலில் இன்னொன்று வந்தது. 2024-25 நிதி ஆண்டில் ராயல் என்பீல்டு விற்ற வண்டிகள் 10 லட்சத்துக்கு மேல்! 163 வண்டியில் தொடங்கிய கதை இது.

ஒரகடத்தில் பெயின்ட் அடிக்க எந்திரக் கைகள் இருக்கின்றன. ஆனாலும், புல்லட்டின் பெட்ரோல் டாங்கில் ஓடும் தங்க நிறக் கோடு மனிதன் கையால் இழுத்தது. ஸ்கேல் கிடையாது. தூரிகையை வண்ணத்தில் தொட்டு, மூச்சை அடக்கி, வளைவோடு வளைவாக ஒரே இழுப்பு. கை நடுங்கினால் கோடு கெட்டுவிடும். ஒரு கோட்டைப் போல் இன்னொரு கோடு அச்சு அசலாக இருக்காது. அதில்தான் அழகு என்கிறார்கள் வாங்குபவர்கள்.

வண்டியைக் கண்டுபிடித்தவன் மட்டும் அதற்குத் தகப்பன் ஆகிவிட முடியாது. அரை நூற்றாண்டுக்கு மேல் நாள் தவறாமல் அதைச் செய்தவர்கள் திருவொற்றியூர்த் தொழிலாளிகள். கெட்டுப் போனால் சரி செய்தவர்கள் ஊர் ஊராக இருந்த மெக்கானிக்குகள். லாபம் இல்லாத காலத்திலும் "வேண்டும்" என்று கேட்டு வாங்கியவர்கள் புல்லட் பிரியர்கள். இவர்களில் ஒருவர் கை விட்டிருந்தாலும் புல்லட் இன்று அருங்காட்சியகத்தில்தான் நின்றிருக்கும்.