டைரக்ட் டெபிட்டும் வங்கி வட்டியும்

பிரிட்டனில் நம் கடைக்காரர் பலர் வீட்டுப் பணத்தை வட்டியில்லாத நடைமுறைக் கணக்கிலேயே வைத்திருக்கின்றனர். சில வங்கிகள் இத்தகைய கணக்குக்கும் வட்டி தருவதுண்டு, ஆனால் நிபந்தனையோடு.

2012இல் சான்டான்டர் வங்கி தொடங்கிய 123 கணக்கை எடுத்துக்கொள்வோம். மாதம் 500 பவுண் வரவு, இரண்டு டைரக்ட் டெபிட். 3,000 முதல் 20,000 பவுண் வரை இருந்தால் 3 வீத வட்டி. 20,000க்கு ஆண்டுக்கு 600 பவுண். 2016 ஜனவரியில் மாதக் கட்டணம் 2 பவுணிலிருந்து 5 ஆனது. நவம்பரில் வட்டி 1.5 வீதமாகியது. 300இல் கட்டணம் 60 போக மிச்சம் 240தான். வட்டியைப் பார்ப்பவர் கட்டணத்தையும் பார்க்க வேண்டும்.

பலரும் இடறுவது வேறிடத்தில். ஸ்டாண்டிங் ஓடர் டைரக்ட் டெபிட் ஆகாது. முன்னதில் தொகையை நிர்ணயித்து அனுப்புபவர் நீங்கள்; பின்னதில் உங்கள் அனுமதியோடு நிறுவனமே எடுத்துக்கொள்கிறது. வீட்டு வாடகை ஸ்டாண்டிங் ஓடரில் போனால் கணக்கில் சேராது. வங்கி அட்டையில் மாதாமாதம் பிடிக்கும் சந்தாவும் அப்படியே. டைரக்ட் டெபிட்டில் கட்டும் மின்சாரம், தண்ணீர், கவுன்சில் வரி சேரும். ஆனால் கவுன்சில் வரியைப் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்துத் தவணையாகவே எடுப்பார்கள். மாதந்தோறும் பணம் போயிருக்க வேண்டும் என்று வங்கி கேட்டால், பெப்ரவரி, மார்ச்சில் ஒன்று குறைந்துவிடும். ஆகவே மூன்றாவதாக ஒன்று இருக்கட்டும். தர்ம நிறுவனத்துக்கு மாதம் ஒரு பவுண் என்றாலும் சரி, புண்ணியமும் சேரும்.

அந்த 500 பவுணை அதே வங்கியின் மற்றொரு கணக்கிலிருந்து மாற்றினால் பொதுவாக ஏற்கமாட்டார்கள். வேறு வங்கியிலிருந்து வரவேண்டும். கடை வசூலை இதில் போடாதீர்கள். தனிநபர் கணக்கை வியாபாரத்துக்குப் பயன்படுத்த வங்கிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. கடையிலிருந்து நீங்கள் எடுக்கும் சம்பளத்தை மட்டும் அனுப்புங்கள், பில் தேதிக்கு இரண்டு நாள் முன்பாக.