வீட்டு விலை சரிந்தால் நடுத்தரக் குடும்பம் ஏன் சரிகிறது?





2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. அதிலிருந்து நம் பகுதியில் மனை, ஃபிளாட் பற்றிய பேச்சு ஓயவில்லை. "இப்போது வாங்காவிட்டால் இனி வாங்கவே முடியாது" என்ற பேச்சை நிக்காஹ் வீட்டிலும் கேட்கிறோம், டீக்கடையிலும் கேட்கிறோம். சொந்த வீடு நல்ல ஆசைதான். ஆனால் விலை ஏறிக்கொண்டே போகும் என்று நம்பிப் பெரிய கடனில் இறங்குவது வேறு விஷயம். அந்த நம்பிக்கை பொய்த்த ஊர்களில் அதிகம் அடிபட்டவர்கள் மாதச் சம்பளத்தில் வாழ்ந்த நடுத்தரக் குடும்பத்தினர். அது ஏன் என்று விளக்கவே இந்தக் கட்டுரை.

விலை இறங்கும், கடன் இறங்காது

ஒருவர் 50 லட்ச ரூபாய்க்கு ஃபிளாட் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பு, மனைவியின் நகை எல்லாம் சேர்த்துக் கைக்காசு 10 லட்சம். மீதி 40 லட்சம் வங்கிக் கடன். 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 36,000 ரூபாய். முதல் ஆண்டில் அவர் கட்டுவது 4,32,000 ரூபாய். அதில் அசலில் கழிவது சுமார் 75,000 மட்டுமே, மற்றதெல்லாம் வட்டி.

இப்போது வீட்டின் விலை ஐந்தில் ஒரு பங்கு இறங்கி 40 லட்சம் ஆகிவிட்டது. வீட்டு விலை குறைந்தது 20 சதவீதம்தான். ஆனால் விற்றால் வருகிற பணம் ஏறக்குறைய முழுவதும் கடனுக்கே போய்விடும். அவர் போட்ட 10 லட்சம் போய்விட்டது. நாலைந்து சொத்து வைத்திருப்பவருக்கு இது ஒரு நஷ்டம். ஒரே வீட்டில் எல்லாவற்றையும் போட்டவருக்கு வாழ்நாள் சேமிப்பே போய்விடுகிறது.

அமெரிக்காவில் நடந்தது இதுதான். அங்கே 2006 வரை ஏறிய வீட்டு விலை பிறகு சரிந்தது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. அந்நாட்டு மத்திய வங்கியின் ஆய்வுப்படி, நடுநிலையில் உள்ள ஒரு குடும்பத்தின் நிகரச் சொத்து 2007-இல் 1,26,400 டாலர். 2010-இல் 77,300 டாலர். மூன்றே ஆண்டுகளில் பத்தில் நான்கு பங்கு கரைந்தது. அந்தக் குடும்பங்களின் செல்வத்தில் பெரும்பகுதி குடியிருந்த வீட்டில்தான் இருந்தது.

வேலையும் சேர்ந்தே போகும்

வீட்டு விலை சரியும் காலத்தில் கட்டுமானம் நிற்கும், கடைகளில் வியாபாரம் குறையும், வேலையும் போகும். இரண்டு அடியும் ஒரே நேரத்தில் விழுவதுதான் ஆபத்து. 2008-க்குப் பிறகு துபாயில் வீட்டு விலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2009 நவம்பரில் துபாய் வேர்ல்டு நிறுவனமே கடனைத் திருப்பிக் கட்ட அவகாசம் கேட்டது. கட்டுமான வேலைகள் நின்று, அங்கிருந்து ஊர் திரும்பியவர்கள் பலர். வளைகுடா சம்பளத்தை நம்பி இங்கே தவணை கட்டுகிற குடும்பங்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2019 செப்டம்பரில் லாரி விற்பனை படுத்தபோது, எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலை அந்த ஒரு மாதத்தில் 16 நாட்களை வேலையில்லா நாட்களாக அறிவித்தது. ஆலை, துறைமுகம், லாரி என்று ஒன்றையொன்று நம்பி வாழும் பகுதி நம்முடையது. வருமானம் பாதியாகலாம், தவணைத் தேதி ஒரு நாள்கூடத் தள்ளாது.

வீடே வராமல் போனவர்கள்

டெல்லியை ஒட்டிய நொய்டா, கிரேட்டர் நொய்டாவில் நடந்தது இன்னும் கசப்பானது. விலை ஏறிய காலத்தில் ஆம்ரபாலி குழுமத்திடம் வீடு பதிவு செய்தவர்கள் சுமார் 42,000 பேர். அவர்கள் கொடுத்த பணம் வேறு வேலைகளுக்குத் திருப்பிவிடப்பட்டதை உச்ச நீதிமன்றம் கண்டறிந்தது. 2019 ஜூலை 23-இல் அந்நிறுவனத்தின் ரெரா பதிவை ரத்து செய்து, கட்டடங்களை முடிக்கும் பொறுப்பை அரசு நிறுவனமான என்பிசிசியிடம் ஒப்படைத்தது. ஆண்டுக்கணக்கில் பல குடும்பங்கள் ஒரு கையால் வாடகையும் மறு கையால் தவணையும் கட்டி வந்தன.

அதே வட்டாரத்தில், வீட்டுச் சாவி கொடுக்கும் வரை தவணையை நாங்களே கட்டுகிறோம் என்று பில்டர்கள் சொல்லும் திட்டங்களும் இருந்தன. பில்டர் கட்டுவதை நிறுத்தியதும் வங்கி, கடன் வாங்கியவரிடம்தான் வந்தது. கையெழுத்து அவருடையது அல்லவா? இதில் பில்டர்களும் வங்கிகளும் கைகோத்தார்களா என்று விசாரிக்க 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சிபிஐக்கு உத்தரவிட்டது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ரெரா சட்டம் (2016) நமக்கு ஒரு பாதுகாப்பு. வாங்குவோர் தரும் பணத்தில் 70 சதவீதத்தை பில்டர் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையிலோ, எட்டு வீடுகளுக்கு மேற்படாமலோ கட்டினால் இந்தப் பதிவு தேவையில்லை. நம் தெருக்களில் ஒரு கிரவுண்டில் ஆறு வீடு என்று கட்டப்படுபவை இதில் வராது. ஆகவே அங்கே நாமேதான் விழிப்பாக இருக்க வேண்டும்.

1. தாய்ப்பத்திரம், பட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற வரைபடம் ஆகியவற்றை வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். பில்டர் காட்டும் வக்கீல் வேண்டாம். நாமே ஒருவரைப் பார்த்துக்கொள்வோம்.

2. பிரிபடாத மனைப் பங்கு எவ்வளவு என்று பத்திரத்தில் இருக்க வேண்டும். கட்டடம் பழசாகும், மண்தான் நிற்கும்.

3. அதே மாதிரி வீட்டுக்கு வாடகை என்ன என்று விசாரியுங்கள். 12,000 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கும் வீட்டுக்கு 36,000 தவணை என்றால், மீதி 24,000-ஐ எதற்குக் கொடுக்கிறோம் என்று யோசிக்க வேண்டும். விலை ஏறும் என்ற நம்பிக்கைக்காக மட்டும் என்றால், அது வீடு வாங்குவதல்ல, பந்தயம் கட்டுவது.

4. ஓவர்டைமையும் மகனுக்கு இனிமேல் கிடைக்கப்போகும் சம்பளத்தையும் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆறு மாதச் செலவுக்கான பணம் கையில் இல்லாமல் இறங்க வேண்டாம்.

ஏற்கெனவே சிக்கியிருந்தால்

வட்டியின் பாவத்தை ஆலிம்கள் மிம்பரில் விளக்கி வருகிறார்கள். இங்கே சொல்ல வருவது, ஏற்கெனவே கடனில் இருப்பவர் எப்படிக் கரை சேர்வது என்பது. தவணை தவறி 90 நாள் தாண்டினால் வங்கி அதை வாராக்கடன் ஆக்கிவிடும். பிறகு சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். அதை அலமாரியில் ஒளித்து வைக்காதீர்கள். எழுத்தில் பதில் கொடுத்தால் 15 நாளில் வங்கி விளக்கம் சொல்லியாக வேண்டும். வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். இதற்கெல்லாம் முன்பே, முதல் தவணை தவறும்போதே மேலாளரைப் பார்த்துத் தவணைக் காலத்தை நீட்டிக் கேட்பது நல்லது. வங்கித் தவணைக்காகக் கந்துவட்டி வாங்குவது மட்டும் ஒருபோதும் வேண்டாம். சமாளிக்க முடியாது என்று தெரிந்தால், வங்கி ஏலம் விடுமுன் நாமே விற்பது மேல். ஏலத்தில் நல்ல விலை கிடைப்பது அரிது. வாடகை வீட்டுக்குத் திரும்புவதில் எந்த இழிவும் இல்லை.

கடைசியாக ஜமாஅத்தாருக்கு ஒரு வேண்டுகோள். "சொந்த வீடு இருக்கிறது, அவருக்கென்ன குறை?" என்று யாரைப் பற்றியும் எளிதில் சொல்லிவிடாதீர்கள். அந்த வீட்டின் பத்திரம் வங்கியில் இருக்கும். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் பாக்கி இருக்கும். மானத்துக்கு அஞ்சி அவர் யாரிடமும் கேட்கமாட்டார். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனாளிகளையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான். சிரமத்தில் உள்ள கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்வதும் குர்ஆன்தான். யாருக்கு எந்த அளவில் ஜகாத் பொருந்தும் என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வோம். ஆனால் தேடிப் போய் விசாரிப்பது நம் எல்லோருடைய கடமை. சிரமத்தில் உள்ளவர்கள் நோட்டீஸ், பாஸ்புக்குடன் ட்ரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். சொல்லும் விஷயம் அமானிதமாகப் பாதுகாக்கப்படும். வீடு கைவிட்டுப் போகுமுன் வந்தால் செய்யக்கூடியது அதிகம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்