சலூன் நாற்காலியில் ஒரு நாடகம்

நைஜீரியாவின் ஜோஸ் நகரில் 1984-இல் பிறந்து, சிறுவயதிலேயே இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தவர் கவிஞரும் நாடக ஆசிரியருமான இனுவா எல்லம்ஸ். 2017-இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் அரங்கேறிய இவருடைய ‘பார்பர் ஷாப் கிரானிக்கிள்ஸ்’ நாடகத்தில் கதையே இல்லை, வெறும் அரட்டைதான் என்று சொல்பவர்கள் உண்டு. லண்டன், லாகோஸ், அக்ரா, கம்பாலா, ஹராரே, ஜோகன்னஸ்பர்க் என ஆறு நகரங்களின் சலூன்களில் ஒரே நாளில் நடக்கும் பேச்சு அது. மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அன்றைய செல்சி – பார்சிலோனா கால்பந்தாட்டம் எல்லாக் கடைகளிலும் பேச்சாக ஓடுகிறது. கண்டங்கள் தாண்டிச் சிதறிய மனிதர்களைக் கோத்துக் கட்டும் நூல் அதுதான்.

முடிதிருத்துபவர்களுக்கு மனநல ஆலோசனையில் அடிப்படைப் பயிற்சி தரும் திட்டம் பற்றிய ஒரு துண்டறிக்கையே இந்த நாடகத்துக்கு வித்து. எல்லம்ஸ் ஆப்பிரிக்க நகரங்களுக்கே போய், சலூன்களில் உட்கார்ந்து உரையாடல்களைப் பதிவு செய்தார். பெண்களுக்கு இதில் இடமில்லையே என்ற கேள்வி நியாயமானது. எனினும், அப்பாவைப் பற்றி வீட்டில் வாய் திறக்காத ஆண்கள், கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டதும் மனம்விட்டுப் பேசுவதைக் காட்ட, ஆண்கள் மட்டுமே கூடும் அந்த இடம் தேவைப்பட்டது. நாடகம் தொடங்குமுன் பார்வையாளர்களையும் மேடைக்கு அழைத்து, சலூன் நாற்காலியில் உட்கார வைத்தார்கள் நடிகர்கள். எல்லம்ஸ் பின்னர், 2019-இல், ரஷ்ய எழுத்தாளர் செக்காவின் ‘மூன்று சகோதரிகள்’ நாடகத்தை பியாஃப்ரா உள்நாட்டுப் போர்க்கால நைஜீரியாவுக்குக் கொண்டுபோய், அதே நேஷனல் தியேட்டரில் மேடையேற்றினார்.