தடவுகிற வரைக்கும்தான் முடி! தெரியுமா உங்களுக்கு?

கும்பகோணமோ மன்னார்குடியோ பட்டுக்கோட்டையோ, எந்த ஊர் மருந்துக்கடையிலும் இன்று கிடைக்கிற மினாக்ஸிடில் லோஷன் முதலில் ரத்தக்கொதிப்பு மாத்திரையாகத்தான் பிறந்தது, தெரியுமா? அமெரிக்காவின் அப்ஜான் கம்பெனி தயாரித்த மாத்திரை அது. வேறு எந்த மருந்துக்கும் அடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கொடுத்தார்கள். அழுத்தம் இறங்கியது. கூடவே நெற்றி, கன்னம், கை, முதுகு என்று எதிர்பாராத இடத்திலெல்லாம் முடி முளைத்தது! கொலராடோவில் இதைக் கவனித்த தோல் மருத்துவர் குன்டர் கான், அதே மருந்தைக் கரைசலாக்கித் தோலில் தடவிப் பார்க்கும் முயற்சியில் இறங்கினார். மாத்திரைக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது 1979-ல். தலையில் தடவும் லோஷனுக்கு 1988-ல். ஒரு பக்கவிளைவே பத்தாண்டுக்குள் தனி மருந்தாகிவிட்டது!

வாங்குகிறவர்கள் எல்லோரும் கேட்பது ‘முடி வளருமா?’ என்று. அதைவிடப் பெரிய கேள்வி, ‘வளர்ந்த முடி எத்தனை நாள் நிற்கும்?’ என்பது. இதற்கு ஆச்சரியப்படும் அளவுக்குத் தெளிவான பதில் இருக்கிறது. அந்தப் பதிலை டப்பாவின் முகப்பிலேயே கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்பேன். மாசாமாசம் சம்பளத்தில் ஒரு பங்கை இதற்கு எடுத்துவைக்கும் பையன்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

முதலில் தலையைப் பார்ப்போம். அங்கே ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் தன் கணக்கில் வளர்கிறது, ஓய்கிறது, உதிர்கிறது. வளரும் பருவம் 2 முதல் 6 ஆண்டு வரை. ஓய்வு இரண்டு மூன்று மாதம். பிறகு பழையது விழ, அதே குழியிலிருந்து புதியது கிளம்பும். நல்ல ஆரோக்கியமான தலையிலேயே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிரும்! சீப்பில் நாலு முடியைப் பார்த்துக் கலங்குகிறவர்கள் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளலாம். சொட்டை விழும்போது நடப்பது வேறு. பரம்பரைவாகு உள்ளவர்களின் முடிக்குழிகள் ஆண்பால் ஹார்மோனால் வருஷாவருஷம் சுருங்குகின்றன. வளரும் பருவமும் குறுகிக்கொண்டே வந்து, கடைசியில் அங்கே பூனைமுடி மட்டும்தான் மிஞ்சும்.

மினாக்ஸிடில் அந்த ஹார்மோனைத் தொடுவதே இல்லை, தெரியுமா? சுருங்குவதற்கான காரணம் அது பாட்டுக்கு உள்ளே வேலை செய்துகொண்டிருக்க, ஓய்வில் கிடக்கும் முடிக்குழியை எழுப்பி, வளரும் பருவத்தை நீட்டிக்கொடுப்பது மட்டும்தான் இந்த மருந்தின் வேலை. இன்னொரு அதிசயம்: பாட்டிலில் இருக்கும் மினாக்ஸிடிலுக்கு நேரடியாகச் சக்தி கிடையாது! முடிக்குழிக்குள் இருக்கும் சல்ஃபோட்ரான்ஸ்ஃபெரேஸ் என்ற நொதி அதை மினாக்ஸிடில் சல்ஃபேட்டாக மாற்றினால்தான் மருந்தே உயிர்பெறும். இந்த நொதி சிலர் தலையில் நிறைய, சிலர் தலையில் கொஞ்சம். ஒரே வீட்டில் அண்ணனுக்குப் பலன் கொடுத்த அதே பாட்டில் தம்பியை ஏமாற்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதயத்துக்காகத் தினமும் சிறு அளவில் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த நொதியின் வேகம் குறைகிறது என்று 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. அதற்காக ஆஸ்பிரினை யாரும் தாமாக நிறுத்திவிடாதீர்கள்! முடியைவிட இதயம் பெரிது.

சரி, தடவ ஆரம்பித்தாயிற்று. மூன்றாவது நாலாவது வாரத்தில் சிலருக்கு முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டும், தெரியுமா? ‘போட்டதும் இருந்ததும் போயிருச்சு’ என்று பாட்டிலைத் தூக்கி எறிகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் பெரும்பாலும் அது மருந்து வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம்! ஓய்வில் இருந்த முடிகளை மருந்து அவசரமாக வெளியே தள்ளிவிட்டுப் புதியவற்றுக்கு இடம் கொடுக்கிறது. சில வாரத்தில் அடங்கிவிடும். கண்ணுக்குத் தெரிகிற பலனுக்கு நாலு மாதமாவது ஆகும். குறுவை நாற்றுவிட்டு அறுத்துக் களத்துக்குக் கொண்டுவரும் காலம் அது. பலன் உச்சத்தைத் தொடுவது ஏறக்குறைய ஓராண்டில்.

அந்த உச்சத்துக்குப் பிறகு என்ன ஆகும்? இங்கேதான் எலிஸ் ஓல்சன் என்ற தோல் மருத்துவரை நினைக்க வேண்டும். அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். மருந்தை விடாமல் தடவிய ஆண்களின் தலையில் ஒரு சின்ன வட்டத்தைக் குறித்துக்கொண்டு, ஐந்து ஆண்டுகள் அதே வட்டத்தில் முடியை எண்ணினார்கள்! 1990-ல் வெளிவந்த முடிவு இது: முதல் ஆண்டில் எண்ணிக்கை உச்சம், அதன் பிறகு மெல்ல மெல்ல இறக்கம், ஆனாலும் ஐந்தாம் ஆண்டின் முடிவில்கூட, தொடங்கிய நாளில் இருந்ததைவிட அதிக முடி. ‘ரெண்டு வருஷத்துல மருந்து பழகிப்போயிடும்’ என்று சொல்கிறார்களே, அது சரியான விளக்கம் அல்ல. மருந்து பழகிப்போகவில்லை. அடியில் சொட்டைக்கான காரணம் நிற்காமல் நடந்துகொண்டிருப்பதால், மருந்து தாங்கிப்பிடிக்க வேண்டிய பாரம் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது.

நிறுத்தினால்? அதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள்! கலிபோர்னியாவில் வீரா பிரைஸ் குழுவினர் எண்ணுவதோடு நிற்காமல், குறித்த இடத்தில் வளர்ந்த முடியை அவ்வப்போது கத்தரித்து எடை போட்டார்கள். 96 வாரம் மருந்து, பிறகு 24 வாரம் நிறுத்தம். 1999-ல் வெளியான அந்த ஆய்வில், நிறுத்தியவர்களின் முடி எடை அந்த 24 வாரத்துக்குள் மருந்தே இல்லாத வெறும் கரைசலைத் தடவியவர்களின் அளவுக்கு இறங்கிவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுச் சேமிப்பு ஆறே மாதத்தில் காலி!

காவிரி டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மரபு. திறந்திருக்கும் வரை வெண்ணாறும் வெட்டாறும் ஓடும், கடைமடை வரை பச்சை நிற்கும். ஷட்டரை இறக்கினால் மறுநாளே பயிர் காய்வதில்லை, மண்ணின் ஈரம் கொஞ்சநாள் தாங்கும். ஆனால் தண்ணீர் வந்ததால் வயலின் குணம் மாறிவிடுவதில்லை. மினாக்ஸிடிலும் அப்படித்தான்: தடவுகிற வரை, அதற்குமேல் ஈரம் தாங்குகிற மூன்று நாலு மாதம். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகும் என்ற பயம் ஊரெங்கும் இருக்கிறது. அப்படி ஆவதில்லை. மருந்தே தொடாமல் இருந்திருந்தால் இன்று எந்த நிலையில் இருந்திருப்பாரோ அந்த நிலைக்குத்தான் தலை போய்ச் சேருகிறது. இரண்டு ஆண்டு இடைவெளியை ஆறு மாதத்தில் பார்ப்பதால் மனசு பதறுகிறது.

ஹார்மோனையே தடுக்கும் மருந்து கிடையாதா? இருக்கிறது, ஃபினாஸ்டிரைடு! அதன் பிறப்பும் ஓர் அற்புதம். டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில், டெஸ்டோஸ்டிரோனை அதன் வீரியமான வடிவத்துக்கு மாற்றும் நொதி பிறவியிலேயே குறைந்த ஆண்களைப் பற்றி ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி குழு 1974-ல் எழுதியது. அவர்களுக்குச் சொட்டையே விழுவதில்லை! அந்தத் தடயத்தைப் பிடித்து வந்த மாத்திரைக்கு, முடிக்காக 1997-ல் அனுமதி கிடைத்தது. நம் ஊரில் மினாக்ஸிடிலோடு இதையும் சேர்த்த லோஷன் விற்கிறது. நிறுத்தினால் பலன் போய்விடும் என்ற விதி இதற்கும் உண்டு. தடவுவதுதானே என்று அலட்சியம் வேண்டாம். தோல் வழியாக உடம்புக்குள் போகும். கர்ப்பிணிகள் இதைக் கையாலும் தொடக் கூடாது. டாக்டர் சொல்லாமல் யாரும் வாங்கக் கூடாது.

இனி நம் வரப்புக்கு வருவோம். விலை கொடுத்து வாங்கும் ‘மூலிகைக் கூந்தல் தைல’ப் பாட்டிலின் படத்தில் இருக்கும் கரிசலாங்கண்ணி, டெல்டாவின் நெல் வயலில் களையாகப் பிடுங்கிப் போடும் செடி, தெரியுமா? வாய்க்கால் ஓரமெல்லாம் வெள்ளைப் பூவோடு தானாகக் கிடக்கும்! சாறு பிழிந்து தேங்காய் எண்ணெயில் காய்ச்சுவது பாட்டிமார் பக்குவம். மத்தியப் பிரதேசத்தின் சாகர் பல்கலைக்கழகத்தார் 2008-ல் இதன் சாரத்தை எலிகளின் முதுகில் தடவி, 2 சதவீத மினாக்ஸிடிலோடு ஒப்பிட்டு, முடி வளர்ச்சி தூண்டப்படுவதைப் பதிவு செய்தார்கள். மகிழ வேண்டிய செய்தி! ஆனால் எலியின் முதுகும் பரம்பரைச் சொட்டை விழுந்த மனிதத் தலையும் ஒன்றல்ல. ஓல்சன் செய்ததுபோல ஐந்து ஆண்டு யாராவது மனிதர் தலையில் எண்ணிக் காட்ட வேண்டும். நம் வயல் செடிக்கு அந்த மரியாதையைச் செய்ய வேண்டியவர்கள் நாம்தானே?

தேங்காய் எண்ணெய்க்கு உறுதியான சான்று இருக்கிறது, வேறு ஒரு வேலைக்கு. பேராவூரணி, பட்டுக்கோட்டைத் தோப்புகளிலிருந்து வருகிற அந்த எண்ணெய் முடித்தண்டுக்குள்ளேயே ஊடுருவி, அலசும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. சூரியகாந்தி எண்ணெயாலும் மினரல் ஆயிலாலும் அப்படிச் செய்ய முடியவில்லை என்று 2003-ல் மும்பை ஆய்வாளர்கள் காட்டினார்கள். இருக்கிற முடி உடையாமல் காக்கும். உறங்கும் குழியை எழுப்பாது. இரண்டும் வேறு வேறு வேலை.

அப்படியானால் ‘இந்த எண்ணெய் தேய்ச்சு மூணே மாசத்துல முடி வந்துச்சு’ என்று சத்தியம் செய்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லவே இல்லை! டைபாய்டு, டெங்கு, சிக்குன்குனியா, பிரசவம் இவற்றில் எது வந்தாலும் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக்கொத்தாகக் கொட்டலாம். ஒரே நேரத்தில் ஏராளமான முடி ஓய்வுக்குப் போய்விடுவதுதான் காரணம். குழிக்கு எந்தச் சேதமும் இல்லை, ஆகவே பெரும்பாலும் தானாகவே ஆறு மாதத்துக்குள் திரும்பி வளரும். கொட்டுகிற உச்சத்தில் எண்ணெய் வாங்குகிறோம், வளர்கிற பருவத்தில் பாட்டில் தீருகிறது. உடம்பு செய்த வேலைக்கு எண்ணெய்க்குப் பேர்! பிள்ளை பெற்ற பெண்கள் வகிடு அகலமாகிறதே என்று அழவேண்டியதில்லை. நிரந்தரமாக நிற்கிற பிரச்சினை அல்ல அது. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போன பிள்ளைகள் ‘தண்ணி ஒத்துக்கலை’ என்று போனில் சொல்கிறார்கள். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கலாம், பரம்பரைச் சொட்டையைக் கொண்டுவராது. போன வயது அது தொடங்குகிற வயதாக இருப்பதுதான் விஷயம்.

புழுவெட்டில் புழுவே கிடையாது, தெரியுமா? உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் முடிக்குழியையே தாக்குவதால் காசளவு வட்டமாக முடி போகிறது. அதில் சின்ன வெங்காயம் தேய்ப்பது நம் வழக்கம். பாக்தாத்தில் 2002-ல் இதைச் சோதித்தே விட்டார்கள்! வெங்காயச் சாறு தடவிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி வந்தது. சிறிய ஆய்வு, தானாகவே ஆறுகிற வட்டங்களும் உண்டு. புது வட்டங்கள் வந்துகொண்டே இருந்தால் வெங்காயத்தோடு நின்றுவிடாமல் தோல் டாக்டரிடம் போங்கள்.

வைத்தீஸ்வரன்கோயிலிலும் சமயபுரத்திலும் வேளாங்கண்ணியிலும் மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்பார்கள். கத்தி தோலுக்கு மேலே ஓடுகிறது, குழி தோலுக்கு அடியில். எண்ணிக்கை ஒன்றுகூட மாறாது! வெட்டிய நுனி மழுங்கி இருப்பதால் கைக்குத் தடிப்பாகத் தெரிகிறது.

மருந்தையும் நோயாளியையும் எழுதிவைத்துப் பார்க்கும் பழக்கம் தஞ்சாவூரில் இருநூறு ஆண்டுக்கு முன்பே இருந்தது, தெரியுமா? 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, மேலை மருத்துவம் தெரிந்தவர்களை ஒன்றாக உட்காரவைத்தார். சோதித்துப் பலன் கண்ட முறைகளை எழுதிவைத்தார்கள். ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்று சரசுவதி மகால் நூலகம் அவற்றைப் பதிப்பித்திருக்கிறது. கண் நோயாளிகளுக்குக் கண்ணின் படம் வரைந்து குறிப்பே வைத்திருந்தார்கள்! ‘அனுபவப்பட்டது’ என்று வாயால் சொல்வதோடு நிற்காத ஊர் இது. எண்ணெய்க்காரர் யார் வந்தாலும், எத்தனை பேருக்கு, எத்தனை மாதம், நிறுத்திய பிறகு என்ன ஆயிற்று என்று கேட்கும் தகுதி நமக்கு இருக்கிறது.

சட்டமும் நம் பக்கம்! இந்திய மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணையில், குணமாக்குவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களின் பட்டியல் இருக்கிறது. அதில் வழுக்கை பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது, புதுமுடி முளைப்பதும்கூட!

கடைசியாக, வீட்டில் கைக்குழந்தையோ பூனையோ இருந்தால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. மினாக்ஸிடில் பூனைக்குக் கொடிய விஷம். தலையணையில் ஒட்டியதை நக்கினாலே உயிருக்கு ஆபத்து. குழந்தை விஷயம் ஐரோப்பாவில் தெரியவந்தது. லோஷன் தடவும் அப்பாக்களின் தோலிலிருந்து மருந்து ஒட்டி, சில கைக்குழந்தைகளின் உடம்பில் நீளநீளமாக முடி வளர்ந்தது! 2024-ல் ஐரோப்பிய மருந்து முகமை எச்சரிக்கை கொடுத்தது. தடவியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், காயும் வரை குழந்தையைத் தூக்காதீர்கள். மருந்தோடு தொடர்பு விட்டுப்போனதும் அந்தக் குழந்தைகளுக்கு என்ன ஆயிற்று, தெரியுமா? அப்பாவின் தலைக்கு உள்ள அதே விதி! சில மாதத்தில் வளர்ந்த முடி அத்தனையும் தானாக உதிர்ந்துவிட்டது.